பத்துக் கிலோவுக்குக் கீழ்

பகாவிலிருந்து போனது ஆறு நாள்.
ஆறு நாளும் மலை மேகத்துக்குள்ளேயே இருந்தது.
ஒரு பழைய கிஜாங் வண்டியில்
லொம்போக்கை முழுச் சுற்றும் சுற்றினோம்.
ஓட்டிவந்த லாலு ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைத்து
"அதோ ரிஞ்சானி" என்று
வெள்ளையைக் காட்டினான்.
நான் வெள்ளையைப் படம் பிடித்தேன்.
முப்பத்தொரு படம்.

நாகப்பன், என் வீட்டுக்காரர்,
ஆலையில் பாய்லர் முன்னால்
இருபத்திரண்டு வருஷம் நின்றவர்,
குளிர் பட்டதும் தூங்கிவிட்டார்.
செம்பலூன் ஏற்றத்தில்
பூண்டு மூட்டை லாரி ஒன்று வழிமறித்தபோது மட்டும்
கண் திறந்து, அதன் டயரைப் பார்த்து
"ஓவர்லோடு" என்றார்.
மறுபடி தூங்கினார்.

வடக்கே இறங்கும் சாலையில்
வண்டியை நிறுத்தச் சொல்லி
செருப்பைக் கழற்றி மிதித்தேன்.
கறுத்த மண்.
நம் ஊர்ச் செம்மண் போல ஒட்டிக்கொண்டு
வீடு வரை வருகிற மண் இல்லை.
உதறினேன், போய்விட்டது.

நிலநடுக்கத்தில் விரிந்த சுவரோரம்
தகரத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தவளிடம்
எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்,
மலை எப்போது தெரியும்?
"தெரியாமல் இருந்தால் நல்லது" என்றாள்,
மிளகாய்க்கு விலை சொல்வது போல.

திங்கட்கிழமை காலை ஏழு மணி.
எடைமேடைச் சன்னலுக்கு உள்ளே நான்.
செம்பனைக் குலை ஏற்றிய முதல் லாரி
மேடையில் ஏறி நின்றது.
"மலை பாத்தியாக்கா?"
பார்த்தேன் என்றேன்.
ஐயாயிரம் ரிங்கிட் செலவழித்துவிட்டு
வேறென்ன சொல்வது?

இரண்டாவது லாரிக்கு
உச்சியில் கொஞ்சம் புகை வைத்தேன்.
பசியாறும்போது ஹலீமாவிடம்
ராத்திரியில் அது முணுமுணுக்கும் என்றேன்.
மத்தியானத்துக்குள்
நெருப்பு ஒழுகத் தொடங்கி
மூன்றாம் டிவிஷன் வரை போய்விட்டது.

நாலு மணிக்கு லோகபாலன் வந்தான்.
காலி லாரியை எடை போட்டு
சீட்டை நீட்டினேன், வாங்கவில்லை.
"ஒரு கல்லாவது கொண்டாந்திருக்கலாமேக்கா."
கொண்டுவந்திருக்கிறேன் என்று என் வாய் சொன்னது.
நாளைக்குத் தருகிறேன்.

அன்று ராத்திரி ஷிப்டுக்குச் சோறு கொண்டுபோனேன்.
நாகப்பன் நீளக் கம்பியால்
பாய்லரின் வாயைக் கிளறி
கிளிங்கர் கட்டிகளை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.
நாரும் ஓடும் எரிந்து உருகி
இறுகிப்போன கசடு.
கறுப்பு, உடம்பெல்லாம் ஓட்டை,
ஒரு பக்கம் கண்ணாடி மினுக்கம்.

எனக்கு ஒன்று வேண்டும் என்றேன்.
எதற்கென்று கேட்கவில்லை.
ஆறிக் கிடந்ததில் நாலைந்தைப் புரட்டிப்பார்த்து
ஒன்றைக் காலால் நகர்த்தினார்.
"இது கொஞ்சம் அந்த மலை மாதிரி இருக்கு."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

கம்பியைச் சாய்த்து வைத்தார்.
"நாலாம் நாள் விடியக்காலைல
ஒண்ணுக்குப் போக எழுந்தேன்.
மேகமே இல்ல. முழுசா நின்னுச்சு.
நீ அசந்து தூங்கிட்டிருந்த.
எழுப்பலாம்னு பார்த்தேன்."

எப்படி இருந்தது?

ரொம்ப நேரம் யோசித்தார்.
உள்ளே நெருப்பு உறுமிக்கொண்டிருந்தது.
"அணைச்ச பாய்லர் மாதிரி" என்றார்.
"பக்கத்துல போக மாட்டோம்ல, அப்படி."

மறுநாள் லோகபாலனிடம் கொடுத்தேன்,
தமிழ்ப் பேப்பரில் சுற்றி.
முன்கண்ணாடி ஓரம், முருகன் பக்கத்தில் வைத்தான்.
தொட்டுப் பார்த்து,
இன்னும் சூடா இருக்குக்கா என்றான்.
வெயில் அந்தப் பக்கம்தான் அடித்தது.

லாரி மேடையில் நின்றது.
எண் மாறவில்லை.
பத்துக் கிலோவுக்குக் கீழ்
எங்கள் மேடை எதையும் கணக்கில் எடுக்காது.

சீட்டைக் கிழிக்கும்போது கேட்டான்,
"நெசமா சொல்லுக்கா, எப்படி இருந்துச்சு?"

அணைத்த பாய்லர் மாதிரி என்றேன்.

முகம் சுருங்கிப்போய் கியரைத் தட்டினான்.
நேற்றிலிருந்து நான் சொன்னதில்
அதை மட்டும் அவன் நம்பவில்லை.